கூலாயில் கழற்றிய லாரி ஸ்டீரிங்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மலாயாவில், ஒரு சனிக்கிழமை சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஒரு கார் பந்தயத்துக்காகப் போனோம். ஏறக்குறைய நாற்பத்தேழு மைல். கார் மச்சான் செல்லையாவுடையது, ஓட்டுவது நான். ஒரே கவலை என் வலது மணிக்கட்டு. முந்தின வருஷம் காரைக் கிளப்பச் சுற்றும் கிராங்க் கம்பி திருப்பியடித்து உடைந்தது. இன்னொரு தரம் போனால் டிரைவர் வேலையை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம். நான் வேலை செய்த தோட்டத்துத் தராசில் என் கை பதினைந்து பவுண்டு வரை வலியில்லாமல் இழுத்தது. பிறகு மைதானத்தில் காரை வேகமாக வளைத்தபோது, மச்சான் மளிகைக்கடை வில் தராசை ஸ்டீரிங் விளிம்பில் மாட்டி இழுத்துப் பிடித்தார். முள் பன்னிரண்டில் நின்றது. தாராளம் என்று இருவரும் சிரித்துக்கொண்டோம்.

ஆறு மணிக்குப் புறப்பட்டு, செடெனாக் தாண்டி, ஏழரைக்குக் கூலாயில் காப்பி. கோப்பை மூன்று காசு, பால் கொஞ்சம் தூக்கல். பக்கத்தில் அன்னாசி ஏற்றிய லாரியை நிறுத்தியிருந்த அந்தோணி எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, சீட்டில் கிடந்த தராசை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணே, இது பவுண்டு இல்லலா. காட்டி."

தராசை வாங்கிப் பார்த்தேன்; காட்டிதான். இங்கே கடைகளில் புழங்கும் எடை அது; ஒரு காட்டி என்பது ஒன்றே மூன்றில் ஒரு பங்கு பவுண்டு. பன்னிரண்டு காட்டி பதினாறு பவுண்டு! மச்சான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"திரும்பிப் போயிரலாம் மாப்ளே," என்றார்.

பந்தயத்துக்கென்று மாட்டிய சின்ன ஸ்டீரிங் அது. நடுவிலிருந்து விளிம்புக்கு ஏழு அங்குலம். பதினாறை ஏழால் பெருக்கினால் நூற்றுப் பன்னிரண்டு; அதுதான் திருப்புவிசை, அதைக் குறைக்க முடியாது. விளிம்பு நடுவிலிருந்து ஒன்பது அங்குலத்தில் இருந்தால் பன்னிரண்டரை பவுண்டு போதும். அந்தோணியின் லாரி ஸ்டீரிங் அந்த அளவு; லாரியும் எங்கள் கார் கம்பெனிதான். ஸ்டீரிங் மாட்டும் தண்டு ஒரே அளவு.

"கழட்டிக்கிட்டுப் போங்க. எனக்கு நாளைக்குத்தான் லோடு எறக்கணும்," என்றார் அந்தோணி.

பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம் எங்களுக்கு. பெரிய ஸ்டீரிங் தொடையில் இடித்தது. கை வலிக்கவே இல்லை. அதுவே எனக்குப் பரிசு.

சாயங்காலம் கூலாய் திரும்பினால் லாரியில் ஒரு பழம்கூட இல்லை. நாளைக்கு என்றது எங்களுக்காகச் சொன்ன பொய்; பழத்தை அன்றைக்கே ஸ்டேஷனில் சேர்த்தாக வேண்டுமாம். மாட்டுவண்டி பிடித்து, அவரே சுமந்து ஏற்றியிருக்கிறார். காப்பிக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நான் கழற்றி நீட்டிய ஸ்டீரிங்கை அந்தோணி உடனே வாங்கவில்லை.

"மொதல்ல கையக் காட்டுங்க," என்றார்.

கையை நீட்டினேன். அழுதுவிட்டேன்.

இப்படிப் போக நினைக்கிறவர்கள் தராசில் இருப்பது பவுண்டா காட்டியா என்று முதலில் பாருங்கள். கூலாயில் நிறுத்தி, அன்னாசி லாரி அந்தோணி யார் என்று கேளுங்கள். நான் இன்னும் வண்டிதான் ஓட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.