மஞ்சள் துணியும் வெள்ளைத் தூளும்

எனக்கு மூக்கின் மேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கேட்டுக்கு அதுதான் காரணம். திராவகமெல்லாம் அப்புறம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பினாங்கின் வடக்குக் கரையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிளப்பில் எனக்கு வேலை. நீச்சல் குளத்தைக் கழுவுவது. என்னோடு என் மச்சானும் வேலை பார்த்தார், அதாவது என் அக்காவின் புருஷன். டத்தோ கிராமாட்டில் ஒரே வீட்டில் குடியிருந்தோம், ஒரே சைக்கிளில் போய் வந்தோம். அந்தக் குளத்தில் நாங்கள் ஒருநாளும் நீந்தியதில்லை. தண்ணீர் இருக்கும்போது எங்கள் கால் அதில் படக் கூடாது. காலியான பிறகு மட்டும் இறங்கலாம்.

வருஷத்துக்கு இரண்டு முறை பெரிய கழுவல் வரும். பாசியைக் கொல்ல முதலில் வெள்ளைத் தூளை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றுவோம். பார்க்கச் சுண்ணாம்பு போலத்தான் இருக்கும், ஆனால் டின்னைத் திறந்தாலே கண் எரியும். பிறகு சோடா உப்பும் படிகாரமும் அளவாகப் போட்டு, அழுக்கு அடியில் படியும்வரை விட்டுவிடுவோம். தூளின் வீரியம் வெயிலில் அடங்கிய பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிடலாம். கடைசியில் வெறும் தரையில் இறங்கி, ஓடுகளில் ஏறிய கறையைத் திராவகம் ஊற்றித் தேய்ப்போம். தூளும் திராவகமும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்பார் மச்சான். பார்த்துக்கொண்டால் ஒரு புகை கிளம்பும், அது ஆளை உள்ளுக்குள்ளேயே அவித்துவிடும்.

தண்ணீரைச் சோதிக்க, கிளப்பைக் கவனித்த வெள்ளைக்காரத் துரையிடம் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன, பூட்டிய பெட்டிக்குள். எங்களிடம் மஞ்சள் இருந்தது. ஒரு முழத் துணியில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, முனையில் கல்லைக் கட்டி, குளத்தின் ஆழமான பக்கத்தில் அடிவரை இறக்குவோம். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். துணி சிவந்திருந்தால் சோடா மிஞ்சிவிட்டது. வெளுத்திருந்தால் தூள் இன்னும் உயிரோடு இருக்கிறது. மஞ்சள் அப்படியே நின்றால் தண்ணீரைத் திறக்கலாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துரை மட்டும் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த முறை தூளைப் போட்ட நாளிலிருந்தே வானம் மூடிக்கொண்டது. மூன்று நாள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குளம் அசையாமல் கிடந்தது. வழக்கமாக ஓரத்தில் வந்து உட்காரும் மைனாக்கள்கூட வரவில்லை. சனிக்கிழமை நீச்சல் போட்டி, அதற்குள் கழுவி நிரப்பியாக வேண்டும் என்று துரை கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்லா" என்று மச்சான் என்னிடம்தான் முனகினார். துரையிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. துணியில் மஞ்சள் பூசிக் கம்பியில் காயப்போட்டேன். மச்சான் அந்தப் பக்கம் தேய்க்கும் பிரஷ்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அடி வரைக்கும் விடு. மேலாப்புல நனைச்சிட்டு எடுத்துறாத. ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

ஆறு வருஷமாக அதே வேலையைச் செய்கிறேன், ஆறு வருஷமாக அதே பேச்சு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. துணியை இறக்கினேன்.

மேலே வந்தபோது துணி வெளுத்திருந்தது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. உடனே மனசு ஒரு சமாதானம் தேடிக்கொண்டது: மஞ்சள் வெயிலில் பறந்துவிடும், துணி துவைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கம்பியில் கிடந்தபோதே வெயில் குடித்திருக்கும். இன்னொரு துணி பூசி இறக்க அரை மணி நேரம் ஆகியிருக்குமா? ஆனால் அதற்கு மச்சானிடம் போய் நிற்க வேண்டும். அவர் ஒரு பார்வை பார்ப்பார். அன்றைக்கு அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

"நிக்குதா மாப்ளே?"

"நிக்குது மச்சான்."

துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

தண்ணீர் வடிய மத்தியானம் ஆயிற்று. மச்சான் திராவக ஜாடியோடு ஆழத்துக்கு இறங்கினார். நான் மேலே கரையில் நின்று வாளிகளைக் கயிற்றில் விட்டுக்கொண்டிருந்தேன். வடிகால் ஓரத்தில் வெள்ளையாக ஈரச் சேறு தேங்கியிருந்தது.

"என்னாது இது, இவ்வளவு கெடக்கு?" என்று குனிந்து பார்த்தார்.

"படிகாரச் சேறுதான். ஊத்துங்க."

அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அவர் குனிந்தபடியே ஊற்றினார். சோறு பொங்குவது போலச் சத்தம் கேட்டது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை அவருடைய முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. மேலே போகாமல் குழிக்குள்ளேயே பரவியது. அவர் இருமினார். அப்புறம் இருமலும் இல்லை. ஓட்டின்மேல் முழங்கால் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினேன். அக்குளில் கைகொடுத்து, சரிவான தரை வழியாக ஆழமில்லாத பக்கத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். என் கண் இரண்டும் தீயாய் எரிந்தன. அவர் உதடு நீலமாக இருந்தது. 'சாகாதீங்க மச்சான், சாகாதீங்க' என்று கத்தினேனாம். தோட்டக்காரர் பிறகு சொன்னார், எனக்கு நினைவில்லை.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குத் துரை வந்தார். தண்ணீரை யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டார். மச்சானுக்கு அப்போது குரல் கிடையாது. மெதுவாகக் கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் குரல் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இருவர் வேலையும் போனால் வீடு என்ன ஆகும் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் கேட்டதில்லை. கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். ஏற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று, வாசலின் நான்கு படிகளை ஏற அவர் இரண்டு இடத்தில் நின்றார். ஒவ்வொரு மூச்சும் விசில் போலக் கேட்டது. அவரைப் பாயில் சாய்த்துவிட்டு அக்கா சாமி படத்தருகே போனாள். திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீ மட்டும் அங்க இல்லன்னா இன்னிக்கு இவரு இல்லடா தம்பி. நீதான்டா எனக்குச் சாமி."

மச்சானுக்கு அதற்குள் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா கையை உயர்த்தினாள். நான் என்னைவிடக் குள்ளமான அவளுக்கு எட்டும்படி குனிந்து, நெற்றியைக் காட்டினேன்.