இருபது விநாடி வரம்பு

என்னால் ஒரு எலெக்ட்ரீஷியனின் வேலை போனது. தவறு என்னுடையது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூறுகளில் ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பஞ்சு குடோனில் சூடு ஏறினால், சர்வரில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன புரோகிராம், உடனே வந்து பார்க்கும்படி தானாகவே எலெக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போன் போடும். அவர் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். லைன் கிடைக்காவிட்டால் அந்த ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டே நிற்கும். சர்வரில் மற்ற வேலையெல்லாம் முடங்கும். முதலாளி கத்தினார். எரிச்சலில், இருபது விநாடிக்குள் முடியாவிட்டால் அதை நிறுத்திவிடும்படி வரம்பு வைத்தேன். மறுபடி முயலும்படி எழுதவில்லை. சோம்பல், வேறென்ன?

ஆடிப்பூரத் தேரன்று மில்லுக்கு விடுமுறை; எலெக்ட்ரீஷியன் மட்டும் வீட்டில் போன் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவ்வளவு கூட்டம், லைன் கிடைப்பதே பாடு. அன்று பார்த்துப் பஞ்சுப் பொதிகள் உள்ளுக்குள்ளேயே கனன்றன. ஸ்கிரிப்ட் போன் போட்டது. மணி அடிக்குமுன் என் வரம்பு அதைக் கொன்றது. காவலாளி புகையைப் பார்த்தபோது பாதி குடோன் போயிருந்தது.

மறுநாள் முதலாளி எலெக்ட்ரீஷியனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார்.

"ஏலே, தேர் வடம் புடிக்கப் போயிட்டு, போனே அடிக்கலைன்னு கதையா விடுத?"

"வடத்தத் தொடவேயில்ல மொதலாளி. தெருவே தேருக்குப் போயிருச்சு, நான் மட்டும் போனுக்குக் காவலாக் கெடந்தேன். கம்ப்யூட்டர் சார்ட்ட கேளுங்க."

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் உள்ளே போய், யாருக்கும் தெரியாமல் வரம்பைக் கூட்டிவைத்தேன். இதைவிடக் கேவலம் உண்டா?

சில வருடம் கழித்துத்தான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "முடிஞ்சுபோனத எதுக்குக் கிளறுதீரு?" என்று செய்தித்தாளைப் பிரித்தார். அதைப் பிடுங்கிக் கிழிக்கலாம் போலிருந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் அவர் கூலிக்கு இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்கிட்ட எதுக்குய்யா சொல்லுதீரு? நான் தேருக்குப் போகலைன்னு எனக்குத் தெரியாதா? வாரும்!"

கையைப் பிடித்துப் பக்கத்து டீக்கடைக்கு இழுத்துப் போனார். அங்கே அவருக்கு 'தேர் பாத்தவரு' என்று பட்டப்பெயர். அத்தனை பேர் முன்னாலும் திரும்பச் சொன்னேன்.

"இம்புட்டு நாளும் நீரு அங்க சம்பளம் வாங்குனீராக்கும்?" என்றார் ஒருவர்.

"வாங்கினேன்."

எலெக்ட்ரீஷியன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். மில்லிலிருந்து கடைசிவரை அவருக்கு அழைப்பு வரவில்லை.