போகிறவர் கேட்கும் மென்பொருள்

லேப்டாப் விற்கிறவனுக்குப் பெட்டியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது. அதில் மென்பொருள் போட்டுத் தருகிறவனுக்குத் தலைவலி அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ‘அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்’ என்ற கெட்ட பெயர் உங்களுக்கும் இருந்தால், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும்போது யாராவது உங்கள் மடியில் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தால், நீங்களும் என் கட்சிதான். உட்காருங்கள், சேர்ந்து திட்டுவோம்.

நான் பிறந்து வளர்ந்து வேலை பார்த்தது ஃபிஜியில், பா என்ற ஊரில். சர்க்கரை ஆலை, கரும்பு லாரி, ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான் ஊர். எங்கள் கடையில் முன்பக்கம் ஃபேன், டி.வி., ரைஸ் குக்கர், பின்பக்கம் நான். முதலாளி மொய்தீன் பாய். கவுன்ட்டரில் மெரே, ஃபிஜியின் பூர்வகுடிப் பெண், எங்கள் ஊர் இந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவாள். பட்டாளம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்திருந்த நேரம் அது. ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர் என்று தெருத்தெருவாக எங்கள் இந்திய வம்சத்து ஆள் காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்துத் துணிக்கடைக்காரர் போனார், எதிர்த்த மருந்துக்கடைக்காரர் போனார். இழுத்து மூடிய ஷட்டர் திரும்பத் திறக்கவில்லை. பாயும் கிளம்பிவிட்டால் எனக்கும் மெரேவுக்கும் வேலை இல்லை. எங்கள் வயதுக்கு வேறு யாரும் எடுத்துக்கொள்ளப் போவதும் இல்லை. பாய் மட்டும் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே சொல்வார்: “ஓடுறவன் ஓடட்டும் மணி. எங்க அப்பாவைப் புதைச்ச மண்ணு இது. நான் எங்கயும் போகமாட்டேன்.” அந்த வார்த்தையை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் உலை வைத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாத்தையும் போடு

ராம்சாமி ரெட்டி கரும்பு வெட்டு முடிந்த கையோடு ஒரு லேப்டாப் வாங்கினார். மகன் படிப்புக்காம். என்னென்ன போடட்டும் என்று கேட்டேன். “எல்லாத்தையும் போடு” என்றார். நானும் பொறுமையாகச் சொன்னேன்: எழுதுவதற்கு ஒன்று, படம் பார்க்க ஒன்று, வைரஸுக்குக் காவலாக ஒன்று, வெளிநாட்டில் இருக்கிறவர்களோடு முகம் பார்த்துப் பேச ஒன்று. இதற்கு மேல் திணித்தால் புது லேப்டாப் ஒரே மாதத்தில் கிழடாகிவிடும். ரெட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல சரக்கை இவன் பதுக்கி வைத்துக்கொண்டு மட்டமானதைத் தள்ளிவிடுகிறான் என்று நினைத்திருப்பார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு நகர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். உள்ளே பார்த்தால், நான் போட்ட காவல் போதாதென்று மருமகனிடம் ஒரு டிஸ்க், மச்சானிடம் ஒரு டிஸ்க் வாங்கி இன்னும் இரண்டு காவல் மென்பொருளை இறக்கியிருந்தார். இது அதைத் திருடன் என்று பிடிக்கிறது, அது இதைத் திருடன் என்று பிடிக்கிறது, உள்ளே ஒரே அடிதடி. ஒன்றுக்கு மேல் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன். ரெட்டி என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்: “அரே, வீட்டுல மூணு நாய் வளக்கறேன், ஒரு நாளாவது ஒண்ணையொண்ணு கடிச்சிருக்கா? உன் நாய்ங்களுக்குத்தான் புத்தி இல்லே!”

பூஜை போட்ட லேப்டாப்

எங்கள் ஊரில் புது டிராக்டர், புது ஃப்ரிட்ஜ், எது வந்தாலும் பூஜை போடாமல் தொட மாட்டார்கள். லேப்டாப் மட்டும் தப்புமா? அங்கம்மா அக்காவுக்குப் பிரிஸ்பேனில் இருக்கும் மகன் ஒன்று அனுப்பியிருந்தான். முகம் பார்த்துப் பேசும் மென்பொருள் மட்டும் போதும் என்றார். போட்டுக் கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது. மகன் முகம் இவருக்குத் தெரிகிறது, இவர் முகம் மகனுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போனிலேயே வழி சொல்லி, மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட வைத்தேன். அப்போதும் தெரியவில்லை. நான் இன்டர்நெட்டைத் திட்டினேன். மகன் அங்கிருந்து போன் போட்டு என்னைத் திட்டினான். ஃபிஜியில் ஒரு வேலையும் உருப்படியாக நடக்காதாம், அதனால்தான் அவன் கிளம்பிப் போனானாம். எதிரே இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

கடைசியில் அக்காவே பஸ் ஏறி வந்தார். புதுத் துண்டில் சுற்றிய லேப்டாப்பை வெளியே எடுத்து மூடியைத் திறந்தேன். திரைக்கு மேலே சின்னதாக ஒரு கேமரா இருக்குமே, அதன் மேல் கெட்டியாகச் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம். பஞ்சை நனைத்து நான் துடைக்கத் துடைக்க அக்கா “மெதுவா, மெதுவா” என்றார். துடைத்து முடித்ததும் திரையில் அவர் முகம் வந்தது. இந்தப் பொட்டால்தான் மகனுக்கு உங்கள் முகம் தெரியவில்லை என்றேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. “ஒத்தைக் கண்ணோட வந்த சாமானுக்கு அங்க வெக்காம வேற எங்க பொட்டு வெக்கறது தம்பி? அம்மா மூஞ்சி தெரியணும்னா ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போறது, யாரு வேணாங்கறா?”

மாஸ்டரின் பரீட்சை

யார் வெளிநாடு கிளம்புகிறார் என்பது அவர் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இருக்கப்போகிறவர் கணக்கு எழுத, பாட்டுக் கேட்க ஏதாவது கேட்பார். கிளம்பப்போகிறவர் விசாவுக்கு எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி மென்பொருள் கேட்பார். கேட்கும்போது குரல் தானாக இறங்கிவிடும். கடையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் அப்படிக் குரலை இறக்கியவர் பிள்ளை மாஸ்டர். எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு மட்டுமா, ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஆங்கிலம். அவரை ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்கச் சொல்லியிருந்தார்கள். மென்பொருளைப் போட்டு, ஓடுகிறதா என்று பார்க்க அவரிடமே கொடுத்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே யாரோ ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்குகிறார்கள். எந்த ரயில், எந்தப் பிளாட்ஃபாரம், எங்கே மாறி ஏற வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். எங்கள் ஊர் ரயில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும். அதற்கு ஏது டிக்கெட், ஏது பிளாட்ஃபாரம்? திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக.

அந்த மென்பொருளை எழுதினவன் மேல் ஆத்திரம் வந்தது. அந்தப் பரீட்சையை வைத்தவன் மேல் வந்தது. துப்பாக்கியைத் தூக்கி வந்து இந்த மனிதரை இந்த நாற்காலியில் உட்கார வைத்தவன் மேல் எல்லாரையும்விட அதிகமாக வந்தது. லேப்டாப்பைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன், ஆனால் அது அவர் லேப்டாப். மாஸ்டர் ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தார். “எனக்கு இங்கிலீஷ் தெரியும் மணி. ரயில்தான் தெரியல.”

தமிழ் எழுத்து

கோவில் செயலாளர் வந்து, கோவில் லேப்டாப்பில் தமிழ் எழுத்து அடிக்கிற மென்பொருள் வேண்டும் என்றார். திருவிழா நோட்டீஸை இந்தத் தடவை தமிழிலேயே அடிக்கப் போகிறார்களாம். எனக்கு அந்தக் கோவில் வகுப்பில் வாத்தியார் கையால் அடி வாங்கித்தான் தமிழ் ஒட்டியது. இன்றைக்கு அந்த வகுப்பும் இல்லை. பையன்கள் இந்தியில் பேசி ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த நாலு பேரும் வரிசையாக வெளிநாடு போய்விட்டார்கள், யாருக்காக ஐயா இந்த நோட்டீஸ் என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்துகொண்டே மென்பொருளையும் போட்டேன், அது வேறு விஷயம். செயலாளர் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “படிக்கிறவங்க எல்லாம் பிளேன் ஏறிட்டாங்க. சாமியாவது படிக்கட்டும்.”

வீடு வரைந்தவர்

மாஸ்டர் விஷயத்தைக் கேட்ட பாய் கொதித்துப் போனார். “பாத்தியா மணி? இந்த அவமானத்துக்குத்தான் நான் போகமாட்டேங்கறேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் மெரேவுக்கும் அதைக் கேட்கக் கேட்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த வாரம் நாயுடு ஒருவர் வந்தார். விசா கைக்கு வந்துவிட்ட தெம்பு. வீடு வரைகிற மென்பொருள் வேண்டும் என்றார். ஆக்லாந்தில் கட்டப்போகும் வீட்டை இங்கேயே வரைந்துவிடுவாராம். போட்டுக் கொடுத்ததும் எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து, சுவரை இங்கே தள்ளி, ஜன்னலை அங்கே தள்ளி விளையாட ஆரம்பித்தார். சும்மா விளையாடினால் பரவாயில்லை. மெரேவுக்கு இந்தி தெரியும் என்பதால், வராத தமிழை இழுத்து வைத்துக்கொண்டு, முகவாயால் அவளைக் காட்டிக் காட்டிப் பேசினார். இந்த நாட்டை இவர்களே வைத்துக்கொள்ளட்டும், இவர்களோடு எவன் இருப்பான் என்றார். உங்கள் திருவாயை மூடுங்கள் என்று நான் சொன்னதும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் என்ன சொன்னார் என்று மெரே கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த முகவாயைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. ரைஸ் குக்கர் பெட்டியை அடுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “பட்டாளம் என்னைக் கேட்டுட்டா வந்துச்சு? உங்களுக்கு ஓடறதுக்கு ஒரு ஊர் இருக்கு மணி. அந்த வீட்டுல எனக்கும் ஒரு ரூம் வரையச் சொல்லு, நானும் வரேன்.”

பாய்க்கு ஒன்று போதும்

ஒரு நாள் பாய் தன் கையாலேயே ஒரு புது லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஆக்லாந்தில் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட மகன் கொடுத்து அனுப்பியதாம். வழக்கமாகப் போடுவதையெல்லாம் போடட்டுமா என்று கேட்டேன். “ஒண்ணே ஒண்ணு போதும் மணி. தூரத்துல இருந்துக்கிட்டே கடைக் கம்ப்யூட்டரைப் பாக்கறதுக்கு ஏதோ இருக்காமே, அதைப் போடு” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டிலிருந்தே கடையைக் கவனிக்க நினைக்கிற மனுஷன் கடையை விட்டுப் போவாரா? மெரேவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவளும் சிரித்தாள். சுறுசுறுப்பாகப் போட்டு முடித்து, கடைக் கம்ப்யூட்டரையும் அதையும் இணைத்துவிட்டு, வீட்டில் இன்டர்நெட் வேகமாக இருந்தால்தான் இது ஓடும் பாய், உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டேன். பாய் சுவரில் இருந்த ஃபேனைப் பார்த்தார். “வீட்டுல நல்ல வேகம்னுதான் மகன் சொன்னான்” என்றார். மெரேவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் கத்தினேன். கஸ்டமர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் எங்களிடம் சொன்னது என்ன, விசாவுக்கு எழுதிப் போட்டது எப்போது என்று கேட்டேன். பாய் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தார். கடையை மூட மாட்டேன், நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். வேலை தப்பியது. அதற்குச் சந்தோஷப்படவும் விடாமல், என் கையாலேயே என் தலைக்கு மேல் ஒரு கண்ணை வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போய்க் கொஞ்ச நாளில், கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடைக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். டீ குடிக்க மவுஸிலிருந்து கையை எடுத்தேன். திரையில் அம்பு தானாக நகர்ந்தது. மெரே “ஏசுவே!” என்று அலறிவிட்டாள். அம்பு நிதானமாகப் போய் என் சீட்டாட்டத்தை மூடியது. ஒரு பெட்டி திறந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது: “மணி, சீட்டு ஆடினது போதும். அங்க மழை பெய்யுதா, அதைச் சொல்லு.”

எல்லாரும் போய்விடுகிறார்களே என்று அதுவரை கத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் முழுசாகப் போய்த் தொலைய மாட்டேன் என்கிறார்களே என்று அன்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.