மூன்று பள்ளிகளில் சொன்ன ‘வருகிறேன்’

ஆக்லாந்தில் சிநேகமான ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. காரணம், இந்த ஊரில் சிநேகம் இல்லாதவர் என்று யாருமே கிடையாது. எனக்கு வீட்டுக்கடன் மறுத்த வங்கிக்காரர், வார இறுதிக்கு என்ன திட்டம் என்று அன்போடு விசாரித்துவிட்டுத்தான் மறுத்தார். என் விசா விண்ணப்பத்தை ஒருமுறை திருப்பி அனுப்பிய கடிதம்கூட, இந்த நாள் இனிதாக அமைய வாழ்த்தித்தான் முடிந்தது. விமானப் பள்ளிகளும் அப்படியே. வலைப்பக்கத்தைத் திறந்தால் ஒரு நாய், ஒரு சோபா, தேநீர்க் கோப்பையோடு நாலு பேர் சிரிப்பு. கீழே, ‘நாங்கள் சிநேகமானவர்கள்.’

சிநேகம் வேண்டும் என்பது என் மனைவி போட்ட நிபந்தனை. அதற்கு ஒரு முன்கதை உண்டு. வந்த புதிதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒரு முன்கோபி. பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதிக்கு முன்னால் சிக்னலில் அவர் ஏதோ சொல்லப்போய், நான் சாவியை உருவி அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். பின்னால் நின்ற வண்டிகளைப் பற்றி நான் யோசிக்கவில்லை. மனைவி அதை மறக்கவில்லை.

“சிடுமூஞ்சிக்கிட்ட மட்டும் போய் மாட்டிக்காதீங்க,” என்றாள். “அன்னைக்கு ரோட்டுல இறங்கி வந்துட்டீங்க. மேல போய் எங்க இறங்குவீங்க?”

நியாயமான கேள்வி. ஆகவே நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். மங்கரேயில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். பதினொரு வருடமாக அவற்றைப் பார்த்து, நாமும் ஒருநாள் ஓட்ட வேண்டும் என்று சொல்லி வந்தவன் நான். பட்டியல் போட்டேன். ஒவ்வொரு பள்ளிக்கும் நாய்க்கு ஒரு மதிப்பெண், தேநீருக்கு ஒன்று, ஆசிரியரின் பொறுமைக்கு ஐந்து. இரண்டு வருடம் ஆயிற்று. பக்கத்து இருக்கை யாழ்ப்பாணத்து நண்பர் அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் பறக்கிறதுக்கிடையில அவை பள்ளிக்கூடத்தையே மூடிப்போடுவினம், அண்ணை,” என்றார். வீட்டில் மகள் ஆங்கிலத்திலேயே சொன்னாள். ஏதாவது ஒன்றை எடுத்துத் தொலைக்க வேண்டுமாம்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எனக்குப் பயம். மூன்றாவது மாடி பால்கனியில் நின்றால் கால் கூசும். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. பறக்காமலே போய்விடுவேனோ என்பது ஒரு பயம், பறந்துவிடுவேனோ என்பது இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்துகொள்ள ஒரு பட்டியல் வேண்டியிருந்தது.

கடைசியில் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு சனிக்கிழமை, பட்டியலில் மிஞ்சிய மூன்று பள்ளிகளையும் நேரில் பார்க்கக் கிளம்பினேன். வடக்கே ஒன்று, தெற்கே இரண்டு. மூன்றிலும் நாய் இருந்தது. மூன்றிலும் தேநீர் கொடுத்தார்கள், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதச் சொன்னார்கள். கிளம்பும்போது மூன்று இடத்திலும் வழக்கம்போல விடைபெற்றேன். போயிட்டு வரேன் என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “ஓகே, ஐ வில் கோ அண்ட் கம்.”

வருகிறேன் என்றால் எப்போது என்று கேட்கும் தமிழரை நான் பார்த்ததில்லை. இவர்கள் கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கா என்று ஒரு பள்ளியில், அதே பத்து மணிக்கா என்று இன்னொன்றில், பத்து மணி சரிப்படுமா என்று மூன்றாவதில். மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து நானும் மரியாதைக்குத் தலையை ஆட்டி, “எஸ், எஸ்,” என்றேன். பட்டியலில் மூன்றுக்கும் சம மதிப்பெண் விழுந்தது. இன்னும் ஒரு வருடம் யோசிக்கலாம் என்று நிம்மதியாக வீடு திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, நியூ லின் கடைத்தொகுதியில் மனைவிக்குச் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தோம். பத்தேகாலுக்கு முதல் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்களைத் தவறவிட்டுவிட்டோம் என்று எழுதி ஒரு சோக முகம் போட்டிருந்தார்கள். பத்து இருபதுக்கு இரண்டாவது பள்ளி, இரண்டாம் முறை வராவிட்டால் முன்பதிவு தர இயலாது என்று மிகுந்த சிநேகத்தோடு தெரிவித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எப்போது முன்பதிவு செய்தேன்?

பத்து இருபத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது. மூன்றாவது பள்ளியின் வரவேற்பு மேசைப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அங்கே நாய்கூட அவர் பேச்சைத்தான் கேட்டது. வணக்கம்கூடச் சொல்லாமல், நான் நலமாக இருக்கிறேனா என்று கேட்டார். வழியில் விபத்து ஒன்றும் இல்லையே என்றார். குரலில் உண்மையான பதற்றம்.

செருப்புக் கடை நடுவில் நின்று எங்கள் வழக்கத்தை விளக்கினேன். கிளம்பும்போது போகிறேன் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், திரும்பி வராதவர்கள்தான் போகிறவர்கள், அதனால் எங்கே போனாலும் வருகிறேன் என்போம், அது ஒரு பேச்சுக்கு. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, தன் வேலையிலும் அப்படித்தான் என்றார். இங்கே ஒருவர் விமானத்தில் கிளம்பும்போது திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார், அதைப் பலகையில் எழுதிவைப்போம், அந்த நேரத்துக்கு வராவிட்டால் முதலில் போன் செய்வோம், அப்புறம் தேட ஆரம்பிப்போம். “நீங்கள் வருகிறேன் என்றீர்கள். நான் தேடினேன்,” என்றார், கோபமே இல்லாமல்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு வருடம் மதிப்பெண் போட்டவனுக்கு, வராதவரைத் தேடுவார்களா என்று ஒரு கட்டம் பட்டியலில் இருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அடுத்த சனிக்கிழமை பத்து மணி என்று, இந்த முறை அர்த்தத்தோடு சொன்னேன்.

அந்த ஒரு வாரமும் நான் ஆங்கில முறையைப் பழகினேன். அலுவலகத்தில், பெட்ரோல் பங்கில், டெய்ரி என்று இங்கே சொல்லும் வீட்டு முனைப் பெட்டிக்கடையில், எங்கும் “ஐ ஆம் கோயிங்”தான். பட்டது போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை மனைவியும் கூட வந்தாள். வெயில் அடித்தது, காற்று அதிகமில்லை. மழை வரும் என்று நான் நம்பியிருந்த வானிலை அறிக்கை என்னைக் கைவிட்டது. இரண்டு பேர் உட்காரும் விமானம் வெளியே நின்றது. எங்கள் வீட்டுத் துணி அலமாரி அதைவிடப் பெரிது. ஆசிரியர் சாந்தமான மனிதர், கதவருகே காத்திருந்தார். நானும் மனைவியும் உள்ளே சோபாவில் இருந்தோம். சட்டென்று எழுந்து வாசலைத் தாண்டி, மனைவியைப் பார்க்காமலே, பழக்கதோஷத்தில், “ஓகே, ஐ ஆம் கோயிங்,” என்றேன்.

“என்ன சொன்னீங்க?”

திரும்பினேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை நாளும் என்னை விரட்டியவள் அவள்தான். அவளுக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“உள்ள வாங்க. உட்காருங்க.”

வந்து உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். வரவேற்புப் பெண்மணி அவரைப் பார்த்துத் தலையசைத்துக் காத்திருக்கச் சொன்னார். நான் தண்ணீரைக் குடித்து முடித்து எழுந்தேன்.

“போயிட்டு வரேன்.”

“ம். போயிட்டு வாங்க.”

வரவேற்புப் பெண்மணி பலகையில் என் பெயருக்கு எதிரே பதினொன்று பத்து என்று எழுதினார். மனைவி அதை உரக்க வாசித்துப் பார்த்துக்கொண்டாள்.

மேலே நடந்ததைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது ஒரு பக்கம் மலைத்தொடர், மறுபக்கம் கடல், தூரத்தில் மங்கரே. அங்கே ஏதோ ஒரு கூரைக்கு அடியில் என் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆசிரியர் விமானத்தை என் கையில் விட்டார். அது நேராகத்தான் போயிற்று. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று அவர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

இறங்குவதற்கு எங்களுக்கு முன்னால் இரண்டு விமானங்கள் இருந்தன. தரை தொட்டு, நிறுத்தி, உள்ளே வரும்போது பதினொன்று இருபத்திரண்டு. பலகைக்கு முன்னால் இரண்டு பெண்களும் ஒரே மாதிரி கைகட்டி, ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கையில் தொலைபேசி தயாராக இருந்தது.

“பதினொன்னு பத்துன்னீங்க,” என்றாள் மனைவி.

பன்னிரண்டு நிமிடத் தாமதத்துக்கு ஆசிரியர்தான் மன்னிப்புக் கேட்டார். மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. என் தோளையும் கையையும் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு அழிப்பானை எடுத்து, பலகையில் என் பெயரைத் தானே துடைத்தாள். முன்பதிவு ஏட்டில் அடுத்த சனிக்கிழமைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பத்து மணிக் கட்டத்தில் விரலை வைத்து, பெண்மணியிடம் தன் ஆங்கிலத்தில் சொன்னாள்:

“ஹி வில் கோ அண்ட் கம்.”