சந்தனம் பூசாத சிடி

சரஸ்வதி பூசையன்று ஜீப்பைக் கழுவிப் பொட்டு வைக்கும் அவசரத்தில், இன்ஜினைத் துடைப்பதற்காக நாலு பிளக் வயர்களையும் கழற்றிவிட்டேன். எது எந்தப் பிளக்குக்கு என்பது மறந்துபோயிற்று. நாலு வயர்களை இருபத்துநாலு விதமாக மாட்டலாம். ஏழு விதம் மாட்டிப் பார்த்தேன். ஜீப் இருமியதே தவிர ஓடவில்லை. நாலு மணி பஸ்ஸில் மகளும், ஒன்பது மாதமாக நான் பார்க்காத பேத்தியும் தேனியில் வந்து இறங்குவார்கள். அப்போதே மணி இரண்டே கால். எங்கள் குச்சனூரில் அன்று ஒரு பட்டறையும் திறந்திருக்காது.

நானூற்றுப் பன்னிரண்டு பக்க ஜீப் ரிப்பேர் புத்தகம், பூசையறையில் பதினோரு புத்தகங்களுக்கு நடுவே சந்தனப் பொட்டோடு இருந்தது. கை நீட்டினேன்.

"பூசையில வச்ச புத்தகத்த நாளைக்குத்தான் தொறக்கணும்" என்று மனைவி மறித்தாள்.

அதே புத்தகத்தை மருமகன் சிடியாகவும் வாங்கித் தந்திருந்தார். அது எங்கே என்றேன்.

"அதையும் பூசையில வைக்கப் போனேன். இதெல்லாம் ஒரு புத்தகமான்னு பீரோ மேல வீசுனது நீங்கதான?"

நானேதான்! என் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பொட்டு வைத்த ஜீப் ஓடலாமென்றால் பொட்டு வைத்த கம்ப்யூட்டரும் ஓடலாம் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். மூன்றாவது நிமிடம் திரையில் வயர் படம் வந்தது. அதைப் பார்த்து வயர்களை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் ஜீப் கிளம்பிவிட்டது. நான் வாசலில் இரண்டு சுற்று ஆடியதாக அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். ஒரு சுற்றுதான்.

நாலுக்கு ஆறு நிமிடம் இருக்கையில் தேனியில் நின்றேன். பேத்தியோடு திரும்பியபோது சிடி புத்தகங்களின் உச்சியில் இருந்தது. கம்ப்யூட்டர் படிக்கிற மின்னுகிற பக்கம் முழுக்கச் சந்தனம்.

"இப்ப அதுவும் புத்தகந்தான" என்றாள் மனைவி.