ஈரத்துணியில் போன அரைக் கிலோ காளான்

போன சித்திரையில் என் கொட்டகைச் சிப்பிக் காளான்களில் மஞ்சள் திட்டு விழுந்தது. மறுநாள் பழுப்பு, அதற்கு மறுநாள் கொழகொழப்பு. வைக்கோல் அடைத்துக் காளான் வளர்க்கும் பைகள் மொத்தம் அறுபது. "எல்லாத்தையும் கொளுத்திட்டுப் பேசாம இருங்கத்தே" என்றாள் மருமகள். ஆறு வருஷமாக நானே வைக்கோல் அவித்து, நானே விதை போட்டு நடத்தும் கொட்டகை. கொளுத்துமுன் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அறந்தாங்கிக்குக் கிளம்பினேன். அங்கே காளான் வளர்க்கும் கதீஜா வாட்ஸ்அப் குழுவில்தான் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

வெறுங்கையோடு போக முடியுமா? திட்டு விழாததாகப் பார்த்து அரைக் கிலோ பறித்து, மல்லிகைப்பூவுக்குச் செய்வதுபோல ஈரத்துணியில் சுற்றினேன். காட்டுவதற்கான நோய்க் காளானைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டேன்.

அன்னவாசலில் காலை 6.40க்கு டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. புதுக்கோட்டை 17 கிலோமீட்டர். இட்லி சாப்பிட்டுவிட்டு 8 மணிக்கு அறந்தாங்கி பஸ், 35 ரூபாய். வெயில் ஏற ஏற பஸ் கொதித்தது. கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"ஆத்தா, பையில என்ன, மீனா?"

"மீமிசல் கடல் மீனு அங்கிட்டிருந்துல்ல இங்கிட்டு வரும்! அன்னவாசல்ல ஏதுய்யா மீனு?"

பஸ்ஸே சிரித்தது. நாறுவது நோய்க் காளான்தான் என்று நினைத்துப் பையைக் காலடியில் தள்ளினேன்.

9.15க்கு இறங்கி, ஆட்டோவுக்கு 60 ரூபாய். கதீஜாவின் வீட்டில் முதலில் துணியைத்தான் பெருமையாகப் பிரித்தேன். வெள்ளையாகக் கட்டியது மஞ்சளாகிக் கொழகொழத்து நாறியது. தாளில் இருந்த நோய்க் காளானோ, பழைய திட்டோடு அப்படியே காய்ந்து கிடந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது.

கதீஜா சிரிக்கவில்லை. "அம்மா, பதிலையும் நீங்களே கொண்டாந்துட்டீங்க. இது பாக்டீரியா. காளான் மேல ஈரம் காயாம நின்னா பெருகிரும். வீட்ல எத்தன தடவ தண்ணி அடிக்கிறீங்க?"

"வாடிருமேன்னு அஞ்சு தடவ. மொட்டு மேலயே."

"பூவா அது, வாடுறதுக்கு? கொளுத்த வேணாம்மா. திட்டு விழுந்தத பறிச்சுத் தூரமாப் பொதைங்க. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையக் கழுவுங்க. தண்ணிய, சுவத்துல தொங்கவிட்ட சாக்குலயும் தரையிலயும் மட்டும் அடிங்க. சன்னலத் தொறந்து வைங்க."

என் கைப்பக்குவத்தைக் குறை சொல்லாமல் என் பிழையைச் சுட்டிக்காட்டியவள், மதியச் சோறும் போட்டுத்தான் அனுப்பினாள்.

பன்னிரண்டாம் நாள், மூன்று பைகள் போக மீதியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்தன. கொட்டகை தப்பியது. நீங்களும் யாரிடமாவது காளானைக் காட்டப் போனால் விடிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள்; காய்ந்த தாளில் மடியுங்கள்; பிளாஸ்டிக் பையும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம்.

முதல் அறுப்பில் அரைக் கிலோவைக் கதீஜாவுக்காகக் காய்ந்த தாளில் மடித்துக்கொண்டு மறுபடி அதே 8 மணி பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர்.

"என்ன ஆத்தா, இன்னைக்கு மீனு கொண்டு வரலையா?"

தாளைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.