அகத்திக்கீரைத் தண்ணிச்சாறு

என் வீட்டில் அகத்திக்கீரை சமைப்பதில்லை. மருமகள் வந்த புதிதில் ஒருநாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் மருந்து சாப்பிடுகிறேன், அகத்தி ஆகாது என்று சொல்லி அதை மாட்டுக்குப் போடச் சொன்னேன். நல்ல பிள்ளை, நம்பிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது என்ன மருந்து, எந்த வைத்தியர் கொடுத்தது என்று வீட்டில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

சின்னமனூருக்குத் தெற்கே ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி இல்லாமல் கொடிக்கால் இல்லை. வரிசை வரிசையாக அகத்தியை வளர்த்து அதன்மேல்தான் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுவார்கள். கொடிக்கு நிழலும் அதுதான், கொம்பும் அதுதான். கழித்துப் போடுகிற தழை ஆட்டுக்குப் போகும். அப்படிக் காலில் மிதிபடுகிற பொருள் ஒரு குடும்பத்தையே ஆட்டிவைக்கும் என்று சொன்னால் அப்போது எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் கீரை என்றால் சித்திதான். சித்தி, அப்பாவுடைய தம்பியின் மனைவி. கோம்பைப் பக்கம் மலையடிவாரத்து மானாவாரி ஊர்க்காரி. அந்த ஊரில் மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கண்ணில் பட்ட பச்சையைப் பறித்துக் கடைந்து தின்பார்கள். எங்களுக்கோ இரண்டு போகம் நெல். அதனால் எங்கள் வீட்டு மூக்குகள் எல்லாமே கொஞ்சம் மேல்நோக்கி இருந்தன. சித்தி வரப்பில் குனிந்தால் போதும், "ஆடு மேயப் போயிருச்சு" என்பாள் அத்தை. அத்தை, அப்பாவுக்கும் மூத்தவள். தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. என் அம்மாவே ஒரு கை உப்புக்கு அவளிடம்தான் போய் நிற்கவேண்டும்.

அப்புறம் உலகச் சண்டைக் காலம் வந்தது. நெல்லையெல்லாம் சர்க்கார் அளந்துகொண்டு போனது. இரண்டு போகம் விளைந்த வீட்டிலேயே சோற்றுக்கு அளவு வைத்தார்கள். மேயப் போகிற ஆட்டின் கைப்பக்குவம் அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்கண்ணி, வரப்பு வல்லாரை, குப்பைமேட்டில் தானாக முளைத்த குப்பைக்கீரை, சோளக்காட்டுப் பண்ணைக்கீரை என்று மடி நிறையப் பறித்து வருவாள். பறித்ததையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுவிடவும் மாட்டாள். "இது கசக்கும், இது கொழகொழங்கும். ஒண்ணு செய்ற குத்தத்த இன்னொண்ணு மறைக்கணும், அதான் கூட்டு" என்பாள். மண்சட்டியில் வெந்ததும் உரித்த பூண்டும் சின்ன வெங்காயமும் சீரகமும் போட்டு மத்தால் கடைவாள். கடைந்த கையோடு சுடுசோற்றில் பிசைந்து முதல் உருண்டையை என் உள்ளங்கையில் வைப்பாள். எட்டு வயசில் நான் சித்தியின் வால். அவள் எங்கே குனிந்தாலும் பின்னால் நானும் குனிவேன்.

சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. ஜெயமங்கலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்கள். தை பிறப்பதற்குள் ஒரு நல்ல சேதி தெரியாவிட்டால் சித்தப்பாவுக்கு அந்தப் பெண் என்று பேச்சு. அத்தையைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. கூடலூர் தாண்டி மலையேறிப் போய் மலையாளத்து வைத்தியர் ஒருவரிடம் மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். காலில் அட்டை கடித்த காயத்தோடு வந்து இறங்கியவளை நானே பார்த்தேன். என்ன செந்தூரமோ, என்ன பாஷாணமோ, மிளகளவு எடுத்து வெண்ணெயில் உருட்டி வெறும் வயிற்றில் விழுங்கவேண்டும். ஒரு மண்டலம் பத்தியம். உப்பில்லை, புளியில்லை, பாகற்காய் இல்லை. மற்றது எது தவறினாலும் மன்னிப்பு உண்டாம், அகத்திக்கு மட்டும் இல்லையாம். அகத்தி மருந்தை முறித்துவிடும். எங்கள் பக்கம் இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

இருபது நாள் போயிருக்கும். சித்தி சோற்றை உருட்டி உருட்டி வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தாள். "வாயெல்லாம் எரியுது மதினி" என்று அத்தையிடம் சொல்லவும் செய்தாள்.

"எரிஞ்சாத்தான் மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம். வைத்தியர் சொல்லித்தான் விட்டாக. பொறுத்துக்க."

"வேற மருந்து மாத்திக் கேப்பமா?"

"ஜெயமங்கலத்துக்காரக பதில் கேட்டு ஆள்விட்டிருக்காக. மாத்தி மாத்திக் குடிக்க நாளு கெடக்கா?"

அதற்குமேல் சித்தி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் கொடிக்காலில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் வாய்க்காலில் துப்பினாள். தண்ணீரில் சிவப்பாக ஓடியது. வெற்றிலை போட்டிருப்பாள் என்று நினைத்தேன். பத்தியத்தில் வெற்றிலையும் கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என்ன சித்தி என்று கேட்டதற்கு உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினாள். கன்னத்தின் உள்பக்கம் தோலே இல்லை. நாக்கு ஓரமெல்லாம் வெந்து கிடந்தது. நான் அழுதுவிட்டேன்.

"சத்தம் போடாத. ரத்தம் வந்தத வீட்டுல சொல்லிறாத. நோயாளின்னு ஒரு பேரும் சேந்துக்கிரும், பெறகு இன்னைக்கே ஜெயமங்கலத்துக்குப் பூ வச்சுருவாக" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அன்றைக்கே என்னை அகத்தித் தழை ஒடிக்கச் சொன்னாள். கொழுந்தாகப் பார்த்து ஆய்ந்தாள். கொடிக்கால் மூலையில் ஆட்கள் கஞ்சி காய்ச்சுகிற கொட்டகை இருந்தது. அதில் சட்டியை ஏற்றி, அரிசி கழுவிய தண்ணீரை விட்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, கீரை வெந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினாள். மிளகாயும் இல்லை, உப்பும் இல்லை. கழுநீரை வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுவருவது என் வேலை. தேங்காய் மூடியைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்து வருவதும் என் வேலை.

"அகத்தி மருந்த முறிச்சுரும்ல சித்தி?"

"முறிக்கட்டும். என்னைய முறிக்காம இருந்தாச் சரி" என்றாள். பிறகு, "புண்ணு ஆறுறவரைக்குந்தான். ஆறவும் முழுப் பத்தியமா இருந்து இன்னொரு மண்டலங்கூடத் திங்கிறேன். இதயும் சொல்லிறாத ஆத்தா" என்றாள். அதற்கும் ஒரு சத்தியம் ஆயிற்று. இரண்டு சத்தியங்களையும் மடியில் கட்டிக்கொண்டு நான் பெரிய மனுஷிபோலத் திரிந்தேன்.

காலையில் அத்தை மருந்து கொடுப்பாள், நடுப்பகலில் சித்தி சாறு குடிப்பாள். முதல் நாள் ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டவள், நாலாம் நாள் கண்ணைத் திறந்து குடித்தாள். பத்தாம் நாள் எனக்கு வாயைத் திறந்து காட்டினாள். சுத்தமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்கு மறுநாள் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ பிள்ள, மாடத்துல வச்ச தேங்கா மூடி எங்க?"

"நான் திங்கல அத்தை."

"நீ திங்காம எலியா தின்னுச்சு? செரட்டையோட சேத்துத் தின்னுச்சோ? நேத்தும் ஒண்ணக் காணோம்." கையில் அகப்பை இருந்தது. அத்தையின் அகப்பை எனக்குப் பழக்கம்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு அடி, அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் சிவப்பு மறைந்துவிடும். அந்த ஒரு அடிக்குப் பயந்து, "சித்திக்குத்தான், அகத்திக்கீரைக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அகப்பை இறங்கவில்லை. நான் தப்பித்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்து அப்பாவும் சித்தப்பாவும் வயலிலிருந்து வந்ததும் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "நெசந்தானா?" என்றார்.

"நெசந்தான்" என்றாள் சித்தி. "மருந்து வாயச் சுட்டுருச்சு. துப்புனா ரத்தம் வந்துச்சு. அதான் குடிச்சேன்."

"எங்கன, வாயத் தொற பாப்பம்" என்று அத்தை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாய்க்குள் பார்த்தாள். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். "ஒரு புண்ணையும் காணோம். பச்சப்பிள்ள வாயி கணக்கா இருக்கு."

"அகத்தி குடிச்சு ஆறிருச்சு மதினி."

"ஆறிருச்சாம்." அத்தை விளக்கைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக்கூடாது. "மல ஏறி எறங்குனவ நானு. பொம்பள ஒருத்தி நாக்கு ருசிக்காக இந்த வீட்டு வம்சத்த முறிச்சுக் குடிச்சுப்புட்டா. ஒரு மண்டலம் வாயக் கட்டத் தெரியலயே."

சித்தி என்னைப் பார்த்தாள். "இவளக் கேளுங்க. இவ பாத்திருக்கா."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா மெதுவாகத்தான் கேட்டார். "புண்ணப் பாத்தியா ஆத்தா? ரத்தம் வந்துச்சா?"

அந்தக் கணத்தில் என் மண்டையில் ஓடிய கணக்கு இன்றைக்கும் அட்சரம் தப்பாமல் ஞாபகம் இருக்கிறது. நான் செய்தது இரண்டு சத்தியம். அகத்திச் சத்தியத்தைக் காலையில் உடைத்துவிட்டேன். மிச்சம் இருப்பது ரத்தச் சத்தியம் ஒன்றுதான். இதையாவது காப்பாற்றுகிறேனா என்று சித்தி சோதித்துப் பார்க்கிறாள். காப்பாற்றிவிட்டால் காலையில் செய்த குற்றம் சரியாகிவிடும்.

"நான் பாக்கல" என்றேன்.

"நல்லா ரோசிச்சுச் சொல்லு."

"ரத்தமெல்லாம் வரல. நான் பாக்கவே இல்ல" என்று, கேட்டதற்கும் அதிகமாகவே சொன்னேன். சித்தப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஐப்பசி பிறக்குமுன் சித்தியின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தைக்குக் காத்திருக்கவில்லை, கார்த்திகையிலேயே ஜெயமங்கலத்துப் பெண் வந்துவிட்டாள். அவளும் எனக்குச் சித்திதான். அவளுக்கும் குழந்தை பிறக்கவில்லை. அவளுக்காக மலையேறி யாரும் மருந்து வாங்கப் போகவில்லை. போயிருந்தால் அந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்கிற கேள்வி வந்திருக்கும். சித்தப்பா கடைசிவரை கொடிக்காலே கதி என்று கிடந்தார்.

கோம்பைச் சித்தி அண்ணன் வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு மேகமலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள் என்று கேள்வி. அங்கேயே தோட்டக் கூலிகளின் லயத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள் என்றும் பிறகு கேள்வி. எங்கள் ஊரிலிருந்து கோம்பை நடந்தே போய்விடக்கூடிய தூரம். அவள் அங்கே இருந்தவரையில் நான் ஒருதரம்கூடப் போகவில்லை. வெட்கம். வேறென்ன சொல்ல.

வயசுக்கு வந்தபிறகு ஒருநாள் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "இப்பச் சொல்லி என்னடி செய்ய" என்றாள். மறுபடி ஆய ஆரம்பித்தாள். அவளுக்குக் கீரை கடையவே வராது. கசப்பும் கொழகொழப்பும் தனித்தனியாக நாக்கில் தெரியும்.

சித்தி புறப்பட்ட காலையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வண்டி கொடிக்கால் முனை திரும்பும்வரை பின்னாலேயே ஓடினேன். சித்தி அண்ணனிடம் சொல்லி வண்டியை நிறுத்தினாள். நான் சக்கரத்தின் ஆரைக்காலைப் பிடித்துக்கொண்டு எக்கி, அவள் காதில் ரகசியமாகச் சொன்னேன்.

"சித்தி, ரத்தம் வந்தத நான் சொல்லவே இல்ல பாத்தியா?"

அவள் என் தலையில் கையை வைத்தாள்.

"ஆமா ஆத்தா. நீ சொல்லல."

சித்தி மெச்சிவிட்டாள் என்கிற சந்தோஷத்தில் நான் வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு ஓடினேன்.